நெகிழிப்பை: காசு வாங்குவதா, தடை போடுவதா?

மலேசியாவின் பினாங்கு மாநிலத்து ஜெலுத்தோங்கில் நெகிழிப்பை சாக்கடையை அடைத்து வீட்டுக்குள் தண்ணீர் வந்தால், பையைக் கொடுத்த கடைக்காரருக்கோ வாங்கிப்போனவருக்கோ ஒரு காசு செலவில்லை. நனைந்த மெத்தை மூன்றாம் ஆளுக்கு. இப்படி மூன்றாம் ஆள் தலையில் விழும் செலவுக்குப் புறவிளைவு என்று பெயர்; அதை விலைக்குள் ஏற்றுங்கள் என்றார் பொருளியலாளர் பிகூ.

பினாங்கு அதைத்தான் செய்தது. 2009-இல் வாரத்தில் சில நாள்களுக்கு மட்டும் தொடங்கி, 2011 முதல் தினமும் பைக்கு 20 காசு; பின்னாளில் அது ஒரு வெள்ளி (ரிங்கிட், அதாவது 100 காசு) ஆனது. கட்டணத்தின் நல்ல குணம், உண்மையிலேயே தேவைப்படுபவர் காசு கொடுத்து வாங்கிக்கொள்ளலாம். கெட்ட குணம், விலை உறைக்க வேண்டும். தள்ளுவண்டி நிறையச் சாமான் வாங்குபவருக்கு 20 காசு எம்மாத்திரம்?

தடையில் அந்தக் கணக்கே இல்லை. பை கிடையாது, அவ்வளவுதான். ஆனால் பேரங்காடியில் கண்காணிப்பது சுலபம், பாசார் மாலாம் எனும் இரவுச் சந்தையில் கடை கடையாக யார் போய்ப் பார்ப்பது? சுடச்சுடத் தே தாரிக்கை (இழுத்து ஆற்றிய பால் தேநீரை) நெகிழிப்பையில் பொட்டலம் கட்டி வாங்குபவரிடம் தடையைப் பேசிப் பாருங்கள்!

என் ஓட்டு கட்டணத்துக்கே, அதுவும் ஒரு வெள்ளிக்குக் குறையாமல். மாற்று கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும் பொருள்களுக்குத் தடை போதும். நெகிழி உணவுப் பெட்டி அப்படித்தான்.