பெரிய எழுத்துச் சங்கீதப் புத்தகம்: எட்டு மாதம் வாசித்த பின்

கண்புரை அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு, கண்ணாடி அணிந்தும் வீட்டு வேதாகமத்தின் பொடி எழுத்து அம்மாவுக்குப் பிடிபடவில்லை. ஆகவே வேதாகமத்தின் பாடல் நூலான சங்கீதங்களையும் அறிவுரை நூலான நீதிமொழிகளையும் மட்டும் பெரிய எழுத்தில் அச்சிட்டிருக்கும் இந்தப் புத்தகத்தை 280 ரூபாய் கொடுத்து வாங்கினேன். அப்பா இறந்த மறு ஆண்டே சித்தப்பா தொடுத்த பாகப்பிரிவினை வழக்கு நடந்துகொண்டிருந்த சமயம் அது. வாய்தாவுக்கு வாய்தா நீதிமன்றத் தாழ்வாரத்தில் காத்திருக்கும்போது அம்மா வாசித்தது இதைத்தான் என்பதால், சத்துருக்களைப் பற்றிய சங்கீதங்களின் பக்கங்களே அதிகம் கசங்கியிருக்கின்றன.

எழுத்தில் குறை சொல்ல எதுவுமில்லை. ஒரு பக்கத்துக்கு ஒரே பத்தி, வசன எண்கள் ஓரத்தில் தனியாக, வரிகளுக்கிடையே தாராளமான இடைவெளி. மொழிபெயர்ப்பு நம் சபைகளில் வாசிக்கும் பழைய திருப்புதலே. 35ஆம் சங்கீதத்தை முதன்முறை திறந்தபோது, "கர்த்தாவே, நீர் என் வழக்காளிகளோடே வழக்காடி" என்ற வரியில் விரலை வைத்துக்கொண்டு, எங்கள் வக்கீல் வரும்வரை அம்மா அதற்குமேல் நகரவே இல்லை. தையல் கட்டு உறுதியாக இருக்கிறது. அட்டை மட்டும் பையில் உரசி முனை மழுங்கிவிட்டது.

பெரிய குறை தலைப்புரைகளில் இருக்கிறது. சங்கீதங்களின் மேலே அடைப்புக்குறிக்குள் வரும் அந்தக் குறிப்புகளைப் பதிப்பித்தவர்கள் ஏனோ பழைய பொடி எழுத்திலேயே விட்டுவிட்டார்கள். வயதானவர்களுக்கென்று விற்கும் புத்தகத்தில் இப்படிச் செய்யலாமா? சத்துருக்களைப் பற்றிய சங்கீதங்களுக்கு அந்த ஓரிரு வரிகள் மிக முக்கியமானவை. "நான் படுத்து நித்திரைசெய்தேன், விழித்துக்கொண்டேன், கர்த்தர் என்னைத் தாங்குகிறார்" என்று 3ஆம் சங்கீதத்தில் சொல்லும் தாவீது ராஜா, பெற்ற மகனான அப்சலோமுக்குத் தப்பி ஓடிக்கொண்டிருக்கிறான் என்பதை அந்தப் பொடி எழுத்தே சொல்கிறது. அதை நான் உரக்க வாசித்துக் காட்டியபோது, அம்மா சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "வீட்டுக்குள்ளேயே வந்த சண்டையா?" என்று மட்டும் கேட்டார்கள். அதேபோல், "நான் பயப்படுகிற நாளில் உம்மை நம்புவேன்" என்னும் 56ஆம் சங்கீத வரி, காத் ஊரில் எதிரி இனத்தாரான பெலிஸ்தர் கையில் அகப்பட்ட தாவீது சொன்னது. பயமும் நம்பிக்கையும் ஒரே நாளில் ஒரே நெஞ்சில் இருக்கின்றன என்பது, அவன் நின்ற இடம் தெரிந்த பிறகுதான் உறைக்கிறது.

கடைசிப் பக்கங்களில் "தேவைக்கேற்ற வசனங்கள்" என்றொரு அட்டவணை இருக்கிறது. நோய், கடன், துக்கம் என்று வரும் வரிசையில் "சத்துருக்கள் எழும்பும்போது" என்ற தலைப்பின்கீழ் 11 வசனங்களைக் குறித்திருக்கிறார்கள். பகைவர் வெட்கி நாணுவது, தலைகுனிவது, சிதறிப்போவது ஆகியவையே அவற்றில் பெரும்பான்மை. 35ஆம் சங்கீதத்தின் முதல் வசனம் அதில் இருக்கிறது. அதே சங்கீதத்தின் 13ஆம் வசனம் இல்லை. இப்போது தனக்கு எதிராய் நிற்பவர்கள் வியாதியாய்க் கிடந்த நாளில் தாவீது துக்கத்துக்கு அடையாளமான இரட்டு என்னும் முரட்டுத் துணியை உடுத்தி உபவாசம் இருந்ததை அந்த வசனம் சொல்கிறது. 23ஆம் சங்கீதத்தின் பந்தி வசனமும் அட்டவணையில் உண்டு. அதை வெற்றிப் பாட்டாகவே பலரும் சொல்லிப் பழகியிருக்கிறோம். ஆனால் அந்தப் பந்தி விரிக்கப்படுவது "என் சத்துருக்களுக்கு முன்பாக", அதாவது அவர்கள் இன்னும் எதிரிலேயே நிற்கும்போது. தாழ்வாரத்தின் எதிர்ப்பக்கத்து பெஞ்சில் சித்தப்பா உட்கார்ந்திருக்க, அம்மா தூக்குவாளியைத் திறந்து எனக்கு இட்லி எடுத்து வைத்த நாளில்தான் இதை நான் கவனித்தேன்.

நீதிமொழிகளையும் சேர்த்து அச்சிட்டவர்கள், "உன் சத்துரு பசியாயிருந்தால், அவனுக்குப் புசிக்க ஆகாரங்கொடு" என்ற 25:21ஐ அட்டவணையில் சேர்க்காமல் விட்டது எனக்கு வியப்பாகவே இருக்கிறது. புதிய ஏற்பாட்டில், ரோமருக்கு எழுதிய நிருபத்தின் (கடிதத்தின்) 12ஆம் அதிகாரத்தில், பழிவாங்குதலைத் தேவனிடம் விட்டுவிடச் சொன்ன கையோடு அப்போஸ்தலன் பவுல் எடுத்தாளுவது இந்த வசனத்தைத்தான். பகைவர் வெட்கிப்போவதும் பகைவனுக்குச் சோறிடுவதும் ஒரே அட்டைக்குள் இருந்தும் முதலாவதை மட்டும் காட்டும் அட்டவணையால், வழக்கில் மாட்டிக்கொண்டு மனம் வெந்திருப்பவருக்கு உதவியைவிடக் கெடுதலே அதிகம். பாதி வசனத்தைப் பிடித்துக்கொண்டு எதிராளியைச் சபிப்பதை ஜெபம் என்று நானே சில மாதங்கள் நினைத்திருந்தேன்.

ஆகவே, முதியவர்களுக்காக வாங்க நினைப்பவர்கள் தாராளமாக வாங்கலாம். சங்கீதத்தை முழுதாக வாசிக்கட்டும், தலைப்புரையை வீட்டில் ஒருவர் வாசித்துக் காட்டட்டும், அட்டவணைப் பக்கம் போகாமலிருப்பது நல்லது. தாள் மெல்லியது என்பதால் பந்துமுனைப் பேனாவால் அடிக்கோடிட்டால் மறுபக்கம் தெரிகிறது, பென்சில் போதும். எங்கள் பிரதியில் அந்தப் பதினொன்றின் கீழே, கோணல் எழுத்தில் "நீதி. 25:21" என்று பென்சிலால் எழுதியிருக்கிறது. எழுதியது அம்மாதான், எந்த வாய்தாவின்போது என்று நான் கேட்கவில்லை.