பின்கதவில் தொங்கும் ஐந்தாவது டயர்: நாலு வருட அனுபவம்

கடலூரில் இருந்து வாரத்துக்கு இரண்டு முறை பண்ருட்டிப் பக்கம் எங்கள் முந்திரிக் கொல்லைக்குப் போய் வருகிறேன். மாதத்தில் ஒன்றிரண்டு தடவை சாமியார்பேட்டை, பரங்கிப்பேட்டைப் பக்கம் மணலிலும் இறக்குவேன். வண்டி 2019இல் வாங்கிய டீசல் ஃபோர் பை ஃபோர். பின்கதவில் ஸ்டெப்னி மாட்டும் வகை. அந்த ஸ்டெப்னியைப் பற்றி மட்டும்தான் இங்கே எழுதப் போகிறேன். நாலு டயரின் அளவிலேயே ஐந்தாவதையும் வாங்கி மாட்டி நாலு வருடம் ஆகப்போகிறது, 58,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. இவ்வளவு ஓடிய பிறகு சொன்னால்தான் சொல்வதற்கு மதிப்பு என்று காத்திருந்தேன்.

கம்பெனியில் இருந்து வரும்போது வண்டியில் 235/70 ஆர் 16 டயர்கள். கொல்லைக்குப் போகும் செம்மண் பாதையில் மழைக்காலத்தில் அடி தட்டுகிறது என்று 2021இல் 245/75 ஆர் 16 அளவில், தாருக்கும் மண்ணுக்கும் ஏற்ற ஆல் டெர்ரெய்ன் டயர் நான்கு போட்டேன். ஸ்டெப்னியை மாற்றவில்லை. அது ஒரு நாள்கூடத் தரையைத் தொடாத புது டயர். அதைக் கழற்றிப் போட மனம் வரவில்லை. கடைக்காரரும் "சார், ஸ்டெப்னி பஞ்சர் கடை வரைக்கும் போறதுக்குத்தானே" என்றார். எனக்கும் அது சரியாகத்தான் பட்டது.

2022 பொங்கல் முடிந்த வாரம். சாமியார்பேட்டையில் சவுக்குத் தோப்பு ஓரமாக மணல் தடத்தில் போய்க்கொண்டிருந்தேன். சவுக்கு வெட்டிய இடத்தில் அடிக்கட்டை தரையோடு தரையாக நிற்கும். மேலே மணல் மூடிவிட்டால் கண்ணுக்கே தெரியாது. மணலுக்காகக் காற்றை 18 பிஎஸ்ஐக்கு இறக்கியிருந்ததால் டயரின் பக்கச் சுவர் பிதுங்கி வெளியே வந்திருந்தது. கட்டை அங்கேதான் ஏறியது. இடது பின் டயரில் நாலு விரல் நீளத்துக்குக் கிழிசல். ஆணி, முள் என்றால் ரப்பர் ஸ்ட்ரிப் வைத்து அடைத்துவிட்டு வந்திருப்பேன். தரையைத் தொடும் பட்டன் பகுதியில் விழும் ஓட்டைக்குத்தான் அந்த வைத்தியம் செல்லும். பக்கச் சுவர் வண்டி அசையும் போதெல்லாம் மடங்கி நிமிர்வது. அங்கே எதை வைத்தாலும் நிற்காது. அன்று ராத்திரி புதுச்சத்திரம் பஞ்சர் கடையில் இருந்த பெரியவர் பார்த்துவிட்டு, "தம்பி, இது பஞ்சர் இல்ல, கிழிசல். காசு வாங்க எனக்கே மனசு வராது" என்றார்.

ஆனால் நான் சொல்ல வந்த சங்கதி அதற்கு முன்னாலேயே நடந்துவிட்டது. பழைய ஸ்டெப்னியை இடது பின்பக்கம் மாட்டி, நாலு சக்கரமும் இழுக்கும் ஃபோர் ஹையில் போட்டு மணலில் இருந்து வெளியே வந்தேன். தார் ரோடு ஏறியதும், பின் சக்கரங்கள் மட்டும் இழுக்கும் டூவுக்கு மாற்றப் பார்த்தால் லீவர் அசையவில்லை. ஸ்டீயரிங் கல்லாக இருந்தது. வளைவில் டயர் கீச்சிட்டது. என் மச்சான்தான் போனில் சொன்னான்: "மாமா, நிறுத்திட்டு நேரா பத்தடி ரிவர்ஸ் போங்க, அப்புறம் இழுங்க." அப்படிச் செய்ததும் டக்கென்று ஒரு சத்தம், லீவர் வந்துவிட்டது.

வீட்டுக்கு வந்து பேப்பரும் பேனாவும் எடுத்துக் கணக்குப் போட்டேன். 245/75 ஆர் 16 டயரின் முழு உயரம் 774 மில்லிமீட்டர். பழைய ஸ்டெப்னி 735. பார்வைக்குக் கிட்டத்தட்ட ஒன்றாகத் தெரியும். ஆனால் பெரிய டயர் ஒரு சுற்றில் 2.43 மீட்டர் போகும், சின்னது 2.31. ஒரு சுற்றுக்கே 12 சென்டிமீட்டர் பாக்கி விழுகிறது. ஒரு கிலோமீட்டருக்குப் பெரியது 411 சுற்று சுற்றினால் சின்னது 433 சுற்றியாக வேண்டும். முன்னுக்கும் பின்னுக்கும் வரும் வேக வித்தியாசத்தைச் சமாளிக்கும் பல் சக்கரத் தொகுதிதான் நடு டிஃபரன்ஷியல். என் வண்டி போல அது இல்லாத ஃபோர் பை ஃபோரில், ஃபோர் ஹை போட்டால் முன் ஷாஃப்ட்டும் பின் ஷாஃப்ட்டும் ஒன்றாகப் பூட்டிக்கொள்ளும். இரண்டும் ஒரே வேகத்தில்தான் சுற்றலாம். பின்னால் ஒரு சக்கரம் மட்டும் கூடுதலாகச் சுற்றக் கேட்டால் அந்த வித்தியாசம் போக இடம் இல்லை. மணலில் டயர் சறுக்கிச் சமாளித்துக்கொள்ளும். தாரில் சறுக்க முடியாது, அதனால் ஷாஃப்ட்டுகள் முறுக்கேறிப் பல் சக்கரங்களைக் கவ்விப் பிடித்துவிடும். நான் பின்னால் எடுத்தபோது அந்த முறுக்குதான் அவிழ்ந்தது.

அளவு குறைந்த ஸ்டெப்னி வைத்திருப்பவர்களுக்கு இங்கேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். பின் டயர் போனால் ஸ்டெப்னியைப் பின்னால் மாட்டாதீர்கள். முன் சக்கரம் ஒன்றைக் கழற்றிப் பின்னுக்குக் கொண்டுபோய், ஸ்டெப்னியை முன்னால் மாட்டி, டூவிலேயே மெதுவாக வீடு சேருங்கள். பின் டிஃபரன்ஷியல் ஓயாமல் அரைபடுவது தப்பும். இரண்டு தடவை ஜாக்கி ஏற்றும் வேலைதான், ஆனால் செய்யுங்கள். ஃபோர் பக்கம் மட்டும் போகக்கூடாது. எங்கே ஃபோர் தேவையோ அங்கேதான் பெரும்பாலும் டயர் கிழிகிறது என்பதுதான் இதில் உள்ள சிக்கல்.

ஸ்டெப்னி என்ற சொல்லைப் பற்றிப் பிறகுதான் படித்தேன். வேல்ஸ் நாட்டில் லனெல்லி என்ற ஊரில் ஒரு தெருவின் பெயர் அது. 1904இல் அந்தத் தெருவில்தான் உதிரிச் சக்கரம் செய்து விற்க ஆரம்பித்திருக்கிறார்கள். அதில் ஆரக்கால்கூடக் கிடையாது. காற்றுப் போன சக்கரத்தின் மேலேயே பிடித்துக் கட்டுகிற ஒரு வளையமும் டயரும், அவ்வளவுதான். நொண்டிக்கொண்டாவது வீடு சேர்வதற்கான ஏற்பாடு. "கடை வரைக்கும் போனால் போதும்" என்று நானும் கடைக்காரரும் பேசிக்கொண்டது அந்தக் காலத்து யோசனை.

மறு மாதமே அதே அளவில், அதே பட்டன் வகையில் ஐந்தாவது டயரும், அதை மாட்டும் இரும்பு டிஸ்க்கும் வாங்கினேன். பதினெட்டாயிரத்துக்குக் கொஞ்சம் மேல் ஆனது. கிழிந்ததற்குப் பதிலாக வேறு ஒன்று வாங்கியது தனி.

வாங்கியதோடு வேலை முடிந்தது என்றுதான் நினைத்தேன். முடியவில்லை. புது டயரில் பட்டன் 11 மில்லிமீட்டர் ஆழம் இருக்கும். ஓடுகிற நாலும் ஐந்து மில்லிக்குத் தேய்ந்து, ஐந்தாவது மட்டும் கதவில் புதிதாகவே தொங்கினால், இரண்டுக்கும் உயரத்தில் 12 மில்லிமீட்டர் வித்தியாசம் வந்துவிடும். மறுபடி அதே கதை, அளவு மட்டும் கொஞ்சம் சின்னது. ஒரே எண் அச்சிட்டிருப்பதால் டயர்கள் ஒன்றாகிவிடாது, ஒன்றாகத் தேய்ந்தால்தான் ஒன்று. அதனால் 8,000 கிலோமீட்டருக்கு ஒரு முறை ஐந்தையும் சுற்றி மாற்றுகிறேன். ஸ்டெப்னி வலது பின்னுக்கு வரும். பின் இரண்டும் நேராக முன்னுக்குப் போகும். வலது முன் டயர் குறுக்கே இடது பின்னுக்கு. இடது முன் டயர் கதவில் ஏறி ஓய்வெடுக்கும். இதுவரை ஏழு சுற்று முடிந்துவிட்டது. ஒரு பக்கமாக மட்டுமே சுற்ற வேண்டும் என்று அம்புக்குறி போட்ட டயர்களுக்கு இந்த முறை ஒத்துவராது, வாங்கும்போதே பார்த்துக்கொள்ளுங்கள். போன வாரம் ஐந்திலும் ஆழம் அளந்தேன். அதிகத்துக்கும் குறைவுக்கும் ஒரு மில்லிக்கு மேல் வித்தியாசம் இல்லை. டயர் ஒவ்வொன்றும் ஐந்தில் ஒரு பங்கு தூரம் சும்மா இருப்பதால் செட்டின் ஆயுளும் கூடியிருக்கிறது.

இனி தொந்தரவுகள். டிஸ்க்கோடு சேர்த்து முந்திரி மூட்டை நிறுக்கும் தராசில் வைத்துப் பார்த்தேன், 31 கிலோ. பழையது 25. ஆறு கிலோதானே என்று தோன்றும். அது முழுக்கக் கீலில் தொங்குகிறது. ஒன்றரை வருடத்தில் பின்கதவு செம்மண் பாதையில் கடகடவென்று ஆட ஆரம்பித்தது. மெக்கானிக் கீலை இறுக்கி, கதவு போய் முட்டும் ரப்பர்களை மாற்றிக் கொடுத்தார். இப்போது வருடம் ஒரு முறை அந்த ரப்பர்களைப் பார்ப்பது வழக்கமாகிவிட்டது. சரிவில் நிறுத்திக் கதவைத் திறந்தால் அது தானாக வந்து அடிக்கும். கேப்பர் மலை ஏற்றத்தில் மூட்டை இறக்கும்போது என் தோளில் ஒரு அடி வாங்கியிருக்கிறேன். பின்கண்ணாடி வழியாகப் பார்த்தால் கீழ்ப்பாதி டயர்தான். திருப்பாதிரிப்புலியூர் தேரடி பக்கம் ரிவர்ஸ் எடுக்கும்போது இன்னும் மனைவியை இறங்கிப் பார்க்கச் சொல்கிறேன். மைலேஜில் சொல்லும்படி எதுவும் குறையவில்லை. குறைந்தது எல்லாம் பெரிய டயர் போட்டபோதே குறைந்ததுதான்.

கடலோரத்தில் இருப்பவர்கள் கவனிக்க வேண்டியது உப்புக் காற்று. எங்கள் வீட்டில் இருந்து தேவனாம்பட்டினம் கடல் கூப்பிடு தூரம். ஒரு மழைக்காலம் தொடாமல் விட்டதில் ஸ்டெப்னியைப் பிடிக்கும் நட்டுகள் துருவேறி, ஸ்பேனர் மேல் ஏறி நின்று திறக்க வேண்டியதாயிற்று. அவசரத்தில் கழற்ற முடியாத ஸ்டெப்னி இருந்தும் இல்லாதது போலத்தான். இப்போது மூன்று மாதத்துக்கு ஒரு முறை கதவில் இருக்கும் நட்டுகளைக் கழற்றிக் கம்பி பிரஷ் போட்டு, லேசாக எண்ணெய் தொட்டு மாட்டுகிறேன். சக்கரங்களின் நட்டுகளுக்கு எண்ணெய் வேண்டாம். எண்ணெய் பட்டால் அளவுக்கு மீறி இறுகி போல்ட் இழுபடும். அவற்றைத் துடைத்துச் சுத்தமாக வைத்தால் போதும். வெயிலுக்கு ஒரு ரெக்சின் உறை போட்டிருக்கிறேன். அடியில் இரண்டு துளை போட்ட பிறகுதான் அது உருப்பட்டது, இல்லாவிட்டால் மழைத் தண்ணீர் உள்ளேயே தேங்கி டிஸ்க்கைத் தின்றுவிடும். காற்று 40 வைத்திருக்கிறேன். மாட்டும்போது தேவையான அளவுக்கு இறக்கிக்கொள்ளலாம். நடுவழியில் ஏற்றுவதுதான் கஷ்டம்.

இதற்கெல்லாம் பலன் கிடைத்தது 2024 டிசம்பரில். நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கம் கரை கடந்தது. அதற்கு அப்புறம்தான் எங்களுக்குப் பெரிய அடி. சாத்தனூர் அணையில் திறந்த தண்ணீர் தென்பெண்ணையில் வந்து ஆற்றங்கரை ஊர்களை மூடியது. குண்டு உப்பலவாடியில் எங்கள் சித்தப்பா வீடு. தண்ணீர் வடிய ஆரம்பித்ததும் குடிநீர் கேன், பாய், அரிசி எல்லாம் ஏற்றிக்கொண்டு போனேன். தெரு முழுக்க முழங்கால் அளவு வண்டல். அதற்குள் என்ன கிடக்கிறது என்று யாருக்கும் தெரியாது. பறந்து விழுந்த தகர ஷீட் ஒன்றின் விளிம்பு வலது முன் டயரை அறுத்துவிட்டது. இந்த முறையும் பக்கச் சுவர்தான்.

ஜாக்கி சேற்றில் இறங்கிக்கொண்டே போனது. பக்கத்து வீட்டுப் பையன் ஒரு பழைய கதவுப் பலகையை இழுத்து வந்தான், அதன் மேல் வைத்தோம். "எவ்ளோ நேரம்ணா ஆவும்?" என்று கேட்டுக்கொண்டே நட்டுகளைக் கையில் வாங்கிக் கேன் தண்ணீரில் கழுவிக் கொடுத்தான். இருபத்தைந்து நிமிடத்தில் முடிந்தது. பஞ்சர் கடை எதுவும் திறக்கவில்லை. அதே ஸ்டெப்னியோடு மூன்று நாள், நாணமேடு, கண்டக்காடு என்று ஃபோர் ஹையிலேயே போய் வந்தேன். வண்டல் தெருவில் இருந்து தார் ரோட்டில் ஏறியதும் லீவர் விரலால் தள்ளினாலே டூவுக்கு வந்தது. 2022இல் லீவரோடு போராடிய கை இது. அந்தச் சின்ன அசைவு எனக்கு எவ்வளவு நிம்மதி கொடுத்தது என்பது அன்று வண்டியில் இருந்த சித்திக்குப் புரிந்திருக்காது.

இப்போது ஸ்டெப்னியே இல்லாமலும் கார்கள் வருகின்றன. 2020 ஜூலையில் மத்திய மோட்டார் வாகன விதிகளைத் திருத்தி, டியூப்லெஸ் டயர், காற்றழுத்தம் காட்டும் கருவி, பஞ்சர் கிட் மூன்றும் இருந்தால் பயணிகள் காரில் ஸ்டெப்னி கட்டாயம் இல்லை என்றார்கள். கடலூர், புதுச்சேரி, ஈசிஆர் என்று மட்டும் ஓடுபவருக்கு அது சரியான ஏற்பாடுதான், குறை சொல்ல மாட்டேன். என் தம்பி பாண்டியில் அப்படி ஒரு கார் வைத்திருக்கிறான், ஆணி ஏறினால் பத்து நிமிடத்தில் அடைத்துக்கொண்டு போகிறான். நானும் கிட், பன்னிரண்டு வோல்ட் கம்ப்ரசர் இரண்டையும் சீட்டுக்கு அடியில் வைத்திருக்கிறேன், அவை சாதாரண பஞ்சருக்கு. சவுக்குக் கட்டை, முந்திரி வேர், தகரம் இருக்கும் இடத்துக்குப் போகிறவர் முழு அளவு டயரைத்தான் தூக்கிக்கொண்டு போக வேண்டும்.

இன்னொரு விஷயமும் பார்க்க வேண்டியிருக்கிறது. டயரின் பக்கத்தில் நாலு இலக்கம் அச்சிட்டிருக்கும். முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு ஆண்டு. என்னுடைய முதல் செட்டில் மிச்சமிருக்கும் மூன்றிலும் 1421 என்று இருக்கிறது, 2021இன் பதினாலாவது வாரம். ஐந்து ஆண்டு நெருங்கினால் பட்டன் எவ்வளவு இருந்தாலும் வெடிப்பு இருக்கிறதா என்று வருடா வருடம் பார்க்க வேண்டும். கதவில் தொங்கும் டயருக்கும் இது பொருந்தும், ஓடாவிட்டாலும் ரப்பர் காய்ந்துகொண்டுதான் இருக்கும். எட்டாவது சுற்று மாசி மகத்துக்கு முன்னால் வருகிறது. அன்று ஐந்தையும் கழற்றிக் கீழே வரிசையாக வைத்து, வெளிச்சம் அடித்து, உள்பக்கச் சுவர் உட்பட நிதானமாகப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன். வெடிப்பு தெரிந்தால் மூன்றையும் ஒன்றாக மாற்றிவிடுவேன்.