தாடை அறுவைக்குப் பின் உதட்டு மரப்பு: நாகர்கோவில் சிகிச்சை மையம் ஒன்றின் கவனிப்பு

முன்னே நீண்டிருந்த கீழ்த்தாடையைச் சரிசெய்ய நாகர்கோவிலில் உள்ள ஒரு தாடைச் சிகிச்சை மையத்தில் அறுவை செய்துகொண்டேன். பல் கடிப்பு நன்றாகவே அமைந்தது. ஆயினும் இம்மையத்தைப் பிறருக்கு நான் பரிந்துரைப்பது, மரத்துப்போன கீழுதட்டையும் மோவாயையும் அவர்கள் அக்கறையோடு கவனித்த விதத்துக்காகத்தான்.

தாடை எலும்பை இருபுறமும் பிளந்து பின்னுக்கு நகர்த்தும்போது, எலும்புக்குள்ளேயே ஓடி மோவாய்க்கு அருகில் வெளிவரும் உணர்வு நரம்பு இழுபடவோ நசுங்கவோ கூடும் என்பதையும், பெரும்பாலோருக்கு மாதக்கணக்கில் உணர்வு திரும்பினாலும் சிலருக்கு ஓரளவு மரப்பு நிலைத்துவிடும் என்பதையும், ஒப்புதல் படிவத்தில் கையெழுத்து வாங்கும் முன்பே மருத்துவர் ஸ்கேன் படத்தைக் காட்டி விளக்கினார். உதட்டை அசைக்கும் நரம்பு வேறு, உணர்வு தரும் நரம்பு வேறு என்று அவர் சொல்லிவைத்திராவிட்டால், வாய் கோணிவிடுமோ என்று அம்மா பதறிப்போயிருப்பார்.

மறுபரிசோதனைகளில் என்னைக் கண்மூடச் சொல்லி, பஞ்சுத் திரியால் தோலை வருடி, அது எந்தப் பக்கமாக நகர்கிறது என்று கேட்பார்கள். பிறகு கவராயம் போன்ற கருவியின் இரு முனைகளையும் ஒருசேர வைத்து, ஒன்றா இரண்டா என்பார்கள். உணர்வற்ற பகுதியின் எல்லையைத் தோலிலேயே பேனாவால் குறித்துப் படமெடுத்து, முந்தைய படத்தோடு ஒப்பிட்டுக் காட்டுவார்கள். எறும்பு ஊர்வது போன்ற குறுகுறுப்பும் சுரீரென்ற குத்தலும் தொடங்கியபோது, அவை நரம்பு மீள்வதன் அறிகுறிகள் என்றும், அறுபட்ட நரம்பிழை நாளுக்கு ஏறத்தாழ 1 மில்லிமீட்டர்தான் வளரும் என்றும் பொறுமையாக எடுத்துச் சொன்னார்கள். கண்ணாடி முன் அமர்ந்து, மரத்த இடத்தையும் உணர்வுள்ள இடத்தையும் மென்தூரிகையால் மாறிமாறி வருடிவிட்டு, பின் கண்மூடி அதையே செய்யும் பயிற்சியையும் கற்றுத்தந்தார்கள். இடப்புறம் இப்போது முழுமையாகத் தெளிந்துவிட்டது; வலப்புற உதட்டோரத்தில் மட்டும் தொடுகை இன்னும் மங்கலாகவே தெரிகிறது.

குறை ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். வீட்டுக்கு அனுப்பும்போது தந்த உணவுத் தாளில் கஞ்சி, மசித்த மட்டிப்பழம் என எல்லாம் இருந்தும், சூட்டைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. உதட்டில் சூடு தெரியாததால் கஞ்சி சுட்டு எனக்குக் கொப்புளமே வந்தது. எதையும் குடிக்கும் முன் மணிக்கட்டில் ஒரு சொட்டு விட்டுப் பார்க்குமாறு அத்தாளிலேயே அச்சிட்டுத் தர வேண்டும்.

மாலையில் கூட்டம் அதிகம் என்பதால், குளச்சல், குலசேகரம் பக்கமிருந்து வருவோர் காலை நேரம் கேட்டு வாங்கலாம். உணர்வுப் பரிசோதனைகளுக்கான கட்டணம் அறுவைக் கட்டணத்தில் சேராது. அது எவ்வளவு வரும் என்பதை முன்பதிவின்போதே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.