பேட்டர்சீ பவர் ஸ்டேஷன்: நம்ம இபிஎப் காசு நிக்கிற எடத்துக்கு அம்மாவோட போனேன்

லண்டன் போனா எல்லாரும் பிக் பென், டவர் பிரிட்ஜ்னு ஓடுவாங்க, நான் இந்த தடவ அம்மாவ மொதல்ல கூட்டிக்கிட்டு போனது தேம்ஸ் ஆத்தோரத்துல இருக்கிற பேட்டர்சீ பவர் ஸ்டேஷனுக்குதான், கரிய எரிச்சு கரண்ட் எடுத்த பழைய மின் நிலையம், இப்ப கட, ஆபீஸ், வீடுன்னு மாத்திட்டாங்க. ஏன்னா 2012ல அந்த எடத்த 400 மில்லியன் பவுண்டுக்கு வாங்கினது நம்ம மலேசியாக்காரங்க. வீடு கட்டி விக்கிற எஸ்பி செட்டியா கம்பெனிக்கு 40 சதவீதம், சைம் டார்பிக்கு 40, மிச்ச 20 இபிஎப்புக்கு, அதான் மலேசியாவுல நம்ம ஓய்வுகால சேமிப்பு நிதி. பிறகு அந்த பெரிய கட்டடத்த மட்டும் பிஎன்பிங்கிற நம்ம அரசாங்க முதலீட்டு கம்பெனியும் இபிஎப்பும் சேர்ந்து எடுத்துக்கிட்டாங்க. மாசா மாசம் சம்பளத்துல 11 சதவீதம் புடிக்கிறாங்களே, அது எங்க போய் நிக்குதுன்னு ஒரு தடவயாவது கண்ணால பாக்கணும்னு எனக்கு ரொம்ப நாள் ஆச.

அம்மா ரப்பர் தோட்டத்துல பால்மரம் சீவினவங்க. சைம் டார்பின்னு சொன்ன உடனே, "அது தோட்டத்து கம்பெனியாச்சே, லண்டன்ல என்னா பண்றான்?"னு கேட்டாங்க. நியாயமான கேள்வி, நானும் அதேதான் நெனச்சேன்.

டியூப் ரயில்லயே போயிடலாம், நார்தர்ன் லைன 2021 செப்டம்பர்ல இங்க வரைக்கும் நீட்டிட்டாங்க, ஸ்டேஷன விட்டு வெளிய வந்தா அஞ்சாறு நிமிஷ நடைதான். ஆனா நாங்க படகுல போனோம், நீங்களும் படகுலயே போங்க. ஆத்துல ஒரு வளைவு திரும்பினதும் நாலு வெள்ள புகைபோக்கியும் ஒண்ணா தெரியுது பாருங்க, அம்மா பேச்ச நிறுத்திட்டாங்க. அந்த காலத்துல கரியும் இதே ஆத்து வழியா கப்பல்லதான் வந்துச்சாம், அத எரிச்சுதான் ஒரு நேரத்துல லண்டனுக்கு வேண்டிய கரண்ட்ல அஞ்சுல ஒரு பங்க இங்க தயாரிச்சிருக்காங்க.

கொஞ்சம் கத சொல்லிடுறேன், தெரிஞ்சிக்கிட்டு போனா அங்க நிக்கும்போது வேற மாதிரி இருக்கும். வெளித்தோற்றத்த வரைஞ்சது கில்பர்ட் ஸ்காட், லண்டன்ல செவப்பு டெலிபோன் பூத் இருக்கே, அதுவும் அவரு டிசைன்தான். 1930கள்ல பாதி கட்டடம், அதான் ஏ பக்கம், மீதி பி பக்கம் முழுசா முடிஞ்சது 1955ல. 1983ல மொத்தமா மூடிட்டாங்க, ஆனா 1980லயே பாதுகாக்க வேண்டிய கட்டடம்னு பட்டியல்ல சேத்துட்டதால இடிக்கவும் முடியல, பிறகு தீம் பார்க் ஆக்குறேன்னு ஒருத்தரு வந்து மெஷின் எல்லாம் வெளிய எடுக்க கூரைய பிரிச்சாரு, 1989ல வேல நின்னுபோச்சு, அதுக்கப்புறம் ஒருத்தர் மாத்தி ஒருத்தர் வாங்கி பிளான் போட்டு கைவிட்டு, இருவது வருஷத்துக்கு மேல கூரையில்லாம மழையில நனைஞ்சிக்கிட்டு கெடந்திருக்கு. அப்படி கெடந்தத எழுப்பி 2022 அக்டோபர்ல தொறந்தது நம்ம ஊரு காசுன்னு நெனச்சப்ப எனக்கு நெஞ்சு நெறஞ்சிபோச்சு, உண்மையா சொல்றேன்.

வேல சுத்தம். நாலு புகைபோக்கியும் உள்ள இருந்த கம்பி துருப்பிடிச்சு கெட்டுப்போனதால இறக்கிட்டு, அதே அளவுல, பழைய முறைப்படியே தள்ளுவண்டியில காங்கிரீட் கொண்டுபோய் கையால ஊத்தி திரும்ப கட்டினாங்க. சொவத்துக்கு புதுசா வாங்கின 17 லட்சத்துக்கும் மேற்பட்ட செங்கல்லும் ஆரம்பத்துல செங்கல் போட்ட சூளைக்காரங்ககிட்டயே வாங்கினது. நான் இத சொன்னதும் அம்மா சொவத்து பக்கத்துல போய் உள்ளங்கைய வச்சு தடவிக்கிட்டே நடந்தாங்க, ஒரு எடத்துல நின்னு, "இது பழசு, ஓரமெல்லாம் தேஞ்சிருக்கு, இங்கேருந்து புதுசு"ன்னாங்க. நான் கிட்ட போய் பாத்தா நெறத்துல ஒரு நூல் அளவுதான் வித்தியாசம்.

உள்ள நூத்துக்கு மேல கட, மேல ஆப்பிள் ஆபீஸ். கட எல்லாம் எல்லா மால்லயும் இருக்கிறதுதான், அதுக்காக போகவேணாம். கரண்ட் எடுக்கிற மெஷின் ஓடின டர்பைன் ஹால் ரெண்டையும் நிதானமா பாருங்க, ஏ ஹால்ல வரி வரியா செதுக்கின தூண், கோயில் மண்டபம் மாதிரி ஒரு கம்பீரம், பி ஹால் போருக்கு பிந்தின காலம், அலங்காரம் கம்மி, இரும்பு அப்படியே தெரியும். பழைய கன்ட்ரோல் ரூம் பி இப்ப பார் ஆயிடுச்சு, நாங்க ஜூஸ்தான் குடிச்சோம், அந்த டயலும் சுவிட்சும் இருக்கிற மேசைய அப்படியே வச்சிருக்காங்க, அதுக்காகவே ஒரு அரமணி நேரம் உக்காரலாம். லிஃப்ட் 109ம் ஏறினோம், புகைபோக்கிக்கு உள்ளயே கண்ணாடி லிஃப்ட் போய் 109 மீட்டர் உயரத்துல புகைபோக்கிக்கு மேல வெளிய வருது. அம்மா என் கைய இறுக்கி புடிச்சிக்கிட்டாங்க, கண்ண மட்டும் மூடல.

குறையும் சொல்லணும். ஒரு காபி கடையில கால் வலின்னு அம்மா உக்கார போனாங்க, வாங்கினாதான் உக்காரணும்னு எழுப்பிவிட்டுட்டாங்க, கட பேரு வேணாம். அத விட பெருசு வீடு விஷயம். மொத்தம் 42 ஏக்கர், இத புது ஊருன்னு சொல்றாங்க, ஆனா சம்பளக்காரங்களுக்குன்னு சொன்ன கொறஞ்ச வெல வீடு மொதல்ல 636ன்னு இருந்தது, 2017ல 386 ஆக்கிட்டாங்க, அதுவும் ஆத்தோரத்துல இல்ல, கொஞ்சம் தள்ளி தனியா ஒரு எடத்துல. அங்க உள்ள எலக்ட்ரிக் பூலவார்டு தெருவுல சாயங்காலம் நடக்கும்போது ரெண்டு பக்கமும் கண்ணாடி வீடு, பல மாடியில வெளக்கே எரியல. அம்மா அண்ணாந்து பாத்துட்டு, "யாருய்யா இருக்காங்க இங்க?"ன்னாங்க. எங்க தோட்டத்த வித்து டாமான், அதான் புது வீட்டுமன எடம், ஆக்கினப்ப லயத்து வரிசை வீட்டுல இருந்த தொழிலாளிங்க எத்தன பேருக்கு அங்க வீடு கெடைச்சதுன்னு அவங்களுக்கு தெரியும், அதனால அந்த கேள்வி எனக்கு சுருக்குனு இருந்துச்சு. கட்டடத்துக்கு இவ்வளவு பொறுமையா செஞ்சவங்க குடியிருக்கிற ஆளுங்களுக்கும் அதே பொறுமைய காட்டியிருக்கணும். இதுல நம்ம காசும் இருக்கு, அதனால கேக்குற உரிமையும் நமக்கு இருக்குன்னுதான் நான் நெனைக்கிறேன்.

கட்டடத்துக்கு அஞ்சுக்கு அஞ்சு, ஊருக்கு ரெண்டரை. போறவங்க சாயங்காலம் போங்க, வெயில் சாயும்போது செங்கல் நல்லா செவந்து தெரியும். வயசானவங்கள கூட்டிக்கிட்டு போனா ஆத்தோரத்துல உள்ள பெஞ்சுல உக்கார வைங்க, அது இலவசம், ஆனா காத்து பயங்கரமா அடிக்கும், ஸ்வெட்டர் மறக்காதீங்க.