லண்டனில் வீட்டை வாடகைக்கு விட ஏஜென்ட் தேவையா? 14.4 சதவீதத்தின் கணக்கு

ஈஸ்ட் ஹாம் பக்கம் இரண்டு படுக்கையறை ஃபிளாட் ஒன்று, மாத வாடகை 1,600 பவுண்ட் என்று வைத்துக்கொள்வோம். லெட்டிங் ஏஜென்டிடம் கேட்டால் “முழு நிர்வாகத்துக்குப் பன்னிரண்டு பர்சன்ட்தான்” என்பார். அதற்கு மேல் 20 சதவீதம் வாட் உண்டு. ஆக 14.4 சதவீதம், ஆண்டுக்கு 2,764 பவுண்ட் 80 பென்ஸ். குடியிருப்பு வாடகைக்கு வாட் விலக்கு இருப்பதால், நீங்கள் கட்டிய வாட்டைத் திரும்பக் கேட்கவும் வழியில்லை. வாடகை வருமானத்தில் இதைச் செலவாகக் கழிக்கலாம் என்பது ஓர் ஆறுதல். 40 சதவீத வரி கட்டுபவருக்குக் கையைக் கடிக்கும் தொகை 1,659 பவுண்டாகக் குறையும், 20 சதவீதக்காரருக்கு 2,212. நீங்களே ஓடியாடிப் பார்க்கும் நேரத்துக்கு இப்படிக் கழிவு எதுவும் கிடையாது.

இங்கிலாந்தில் வீட்டுக்காரர் முன்னால் நான்கு வழிகள் இருக்கின்றன: எல்லாவற்றையும் தானே பார்ப்பது, ஆள் பிடித்துக் கொடுக்க மட்டும் ஏஜென்ட் வைப்பது, முழு நிர்வாகத்தையும் ஒப்படைப்பது, “கேரண்டீட் ரென்ட்” என்று வீட்டையே ஒரு கம்பெனியிடம் கொடுத்துவிடுவது. பல ஆண்டுகளாக இவற்றுக்குள் பெரிய வித்தியாசம் இருக்கவில்லை. 2026 மே 1 முதல் வாடகையாளர் உரிமைச் சட்டம் நடைமுறைக்கு வந்த பிறகு கணக்கு மாறிவிட்டது. நடுவழி என்று பலரும் விரும்பி எடுத்த இரண்டாவது வழிதான் இப்போது நான்கிலும் மோசமான பேரம்.

ஆள் பிடிக்க மட்டும் ஏஜென்ட்

‘லெட் ஒன்லி’ என்று சொல்லப்படும் இந்தச் சேவைக்கு வழக்கமான கட்டணம் ஒரு மாத வாடகை, அல்லது முதலாண்டு வாடகையில் 8 சதவீதமும் வாட்டும். நம் ஃபிளாட்டுக்கு 1,843 பவுண்ட். முழுத் தொகையையும் முதல் மாத வாடகையிலேயே பிடித்துக்கொள்வார்கள், போதாவிட்டால் மிச்சத்துக்கு பில் வரும்.

இந்தக் கட்டணம் பன்னிரண்டு மாத ஒப்பந்தம் என்ற அடிப்படையில் போடப்பட்டது. அந்தப் பன்னிரண்டு மாதமே இப்போது இல்லை. தனிநபர்களுக்கு விடும் வழக்கமான வாடகை ஒப்பந்தங்கள் எல்லாம் முடிவுத் தேதி இல்லாமல் மாதாமாதம் ஓடுபவை. குடியிருப்பவர் வந்த முதல் நாளிலேயே இரண்டு மாத நோட்டீஸ் கொடுத்துவிட்டுக் கிளம்பலாம். மூன்றாம் மாதம் வீடு காலியானால், நீங்கள் கட்டியது ஓராண்டுக் கமிஷன், வாங்கியது இரண்டு மாத வாடகை. “ஆறு மாதத்துக்குள் ஆள் போனால் இலவசமாக வேறு ஆள் பிடித்துத் தர வேண்டும், அல்லது மாதக் கணக்கில் கமிஷனைத் திருப்பித் தர வேண்டும்” என்ற வரியை எழுதி வாங்காமல் இந்த வகை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடக் கூடாது.

அதைவிட ஆபத்தான வரி ஒன்று பின்பக்கத்தில் இருக்கும்: நாங்கள் அறிமுகப்படுத்திய ஆள் வீட்டில் இருக்கும்வரை கமிஷன் உண்டு. முன்பு இது ‘ரினியூவல் ஃபீஸ்’ என்ற பெயரில் வந்தது. 2009இல் உயர் நீதிமன்றம், ஃபாக்ஸ்டன்ஸ் என்ற ஏஜென்ட் நிறுவனத்தின் வழக்கில், நுணுக்கி எழுதிய பக்கங்களுக்குள் இப்படிப்பட்ட கமிஷனை ஒளித்து வைப்பது சாதாரண வீட்டுக்காரருக்கு நியாயமற்றது என்று தீர்ப்பளித்தது. அதற்குப் பிறகு பெரிய எழுத்தில் போட ஆரம்பித்தார்களே தவிர, வரி போய்விடவில்லை. முடிவே இல்லாத ஒப்பந்தத்தில் இந்த வரிக்கும் முடிவு இல்லை. ஏஜென்டை நிறுத்திய பிறகும் கட்டிக்கொண்டே இருக்க நேரும். கமிஷனுக்குக் கால வரம்பு, ஏஜென்டை நிறுத்த இரண்டு மாத நோட்டீஸ், அதே ஆள் வீட்டை வாங்கினால் விற்பனைக் கமிஷன் கிடையாது என்பது, இந்த மூன்றையும் பேசி முடித்துக்கொள்ளுங்கள். பேசினால் பெரும்பாலும் இறங்கி வருவார்கள், நாலு தெரு தள்ளி இன்னொரு ஏஜென்ட் இருக்கிறார் என்பது அவர்களுக்கும் தெரியும்.

“நாங்கள் நல்ல விலைக்குப் பிடித்துத் தருகிறோம்” என்ற பேச்சுக்கும் மதிப்புக் குறைந்துவிட்டது. விளம்பரத்தில் போட்ட தொகைக்கு மேல் கேட்கவோ, தானாகத் தந்தால் வாங்கவோ இப்போது சட்டம் இடம் தருவதில்லை. அதனால் சில ஏஜென்டுகள் வீட்டைப் பிடிப்பதற்காக விளம்பர விலையையே ஏற்றிச் சொல்கிறார்கள். 1,600 போக வேண்டிய ஃபிளாட்டை 1,700க்குப் போட்டு, அதனால் நான்கு வாரம் கூடுதலாகக் காலியாகக் கிடந்தால் நஷ்டம் 1,477 பவுண்ட். அந்த 100 பவுண்ட் உயர்வால் ஓராண்டில் வருவது 1,200.

தானே பார்த்துக்கொள்வது

தனி வீட்டுக்காரர் ரைட்மூவ் என்ற வீட்டு விளம்பரத் தளத்தில் நேரடியாக விளம்பரம் போட முடியாது. ஓபன்ரென்ட் போன்ற ஆன்லைன் ஏஜென்ட் வழியாகச் சிறு கட்டணத்தில் ரைட்மூவ், ஸூப்லா இரண்டிலும் போடலாம். ஆள் பிடிப்பதில் ஏஜென்டுக்கு இருந்த பெரிய பலம் இதோடு போயிற்று. சிரமம் எல்லாம் அதற்குப் பிறகுதான் இருக்கிறது.

வருகிறவரின் ஆண்டு வருமானம் மாத வாடகையைப் போல் முப்பது மடங்கு இருக்க வேண்டும் என்பது தொழிலில் வழக்கமான அளவு. 1,600க்கு 48,000 பவுண்ட். சம்பளச் சீட்டை மட்டும் பார்த்து நம்பக் கூடாது, போலிச் சீட்டு தயாரிக்கப் பத்து நிமிடம் போதும். சீட்டில் கையில் வந்ததாகப் போட்டிருக்கும் தொகை, பைசா பிசகாமல் வங்கி ஸ்டேட்மென்டில் மூன்று மாதமும் வரவு ஆகியிருக்கிறதா என்று பாருங்கள். வேலை தரும் நிறுவனத்தை கம்பெனீஸ் ஹவுஸ் என்ற அரசு கம்பெனிப் பதிவகத்தில் தேடுங்கள். இப்போதைய வீட்டுக்காரரிடம் விசாரிப்பதைவிட அதற்கு முந்தையவரிடம் விசாரிப்பது நல்லது. தொல்லை தரும் ஆளைக் கிளப்ப நினைப்பவர் எப்போதும் நல்ல சான்றிதழ்தான் தருவார்.

ஆளை உறுதி செய்ய வாங்கும் முன்பணம் ஒரு வார வாடகைக்கு மேல் போகக் கூடாது, அதாவது 369 பவுண்ட். குடியேறும் முன் ரைட் டு ரென்ட் சோதனை, அதாவது வருகிறவருக்கு இங்கே வாடகைக்குக் குடியிருக்க உரிமை உண்டா என்று பார்ப்பது. பிரிட்டிஷ், ஐரிஷ் குடிமக்கள் அல்லாதவர் தன் குடியேற்ற நிலையைக் காட்டும் ஷேர் கோட் தருவார், அதை அரசுத் தளத்தில் நீங்களே போட்டுப் பார்த்து அந்தப் பக்கத்தைச் சேமிக்க வேண்டும். அவர் அச்சடித்துக் கொண்டுவந்த காகிதம் செல்லாது. சட்டவிரோதமாகத் தங்குபவர் அகப்பட்டால், முதல் தடவைக்கே ஒரு ஆளுக்கு 10,000 பவுண்ட் வரை அபராதம். வாடகை விதிகளை எழுத்தில் தர வேண்டும். டெபாசிட் ஐந்து வார வாடகை, இங்கே 1,846 பவுண்ட். வாங்கிய 30 நாளுக்குள் அங்கீகரிக்கப்பட்ட திட்டம் ஒன்றில் போட்டு, அதற்கான விவரத் தாளையும் குடியிருப்பவர் கையில் சேர்க்க வேண்டும். பணத்தைப் போட்டுவிட்டுத் தாளை மறப்பவர்கள்தான் அதிகம். அதற்கும் டெபாசிட்டைப் போல் மூன்று மடங்கு வரை, 5,538 பவுண்ட், தண்டம் உண்டு.

கேஸ் பாதுகாப்புச் சான்று ஆண்டுதோறும், மின்சாரச் சான்று ஐந்தாண்டுக்கு ஒருமுறை, ஈபிசி எனும் ஆற்றல் திறன் சான்று பத்தாண்டுக்கு ஒருமுறை, அதுவும் ‘ஈ’ தரத்துக்குக் கீழே போகாமல். மாடிக்கு ஒரு புகை அலாரம், பாய்லர் இருக்கும் அறையில் கார்பன் மோனாக்சைடு அலாரம். நியூஹாம் போன்ற இடங்களில் வாடகைக்கு விடக் கவுன்சில் லைசென்ஸும் வேண்டும், அந்தக் கவுன்சில் 2013 ஜனவரியிலேயே ஊர் முழுக்க அதைக் கொண்டுவந்தது. எல்லாவற்றையும் கூட்டினால் முதலாண்டில் இரண்டு வார இறுதியும் சில மாலைகளும் போகும். விளம்பரம், விசாரணை, வீட்டின் நிலையைப் பதியும் சரிபார்ப்புப் பட்டியல் எல்லாம் சேர்ந்து 300 பவுண்டைத் தாண்டுவது அரிது. பட்டியலுக்கு மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். டெபாசிட் தகராறில் பணம் குடியிருப்பவருடையது, சேதத்தை நிரூபிக்க வேண்டியவர் வீட்டுக்காரர். ஓவன் அடுப்பின் உட்புறம், மெத்தையின் இரண்டு பக்கம், மீட்டர் எண், சாவி எத்தனை என்று தேதியோடு படம் இல்லையென்றால் வழக்கு அங்கேயே தோற்றது.

முழு நிர்வாகம்

இங்கே விற்கப்படுவது நிம்மதி. அதில் பாதிதான் உண்மை. ஏஜென்ட் டெபாசிட்டைப் போட மறந்தாலும் தண்டம் உங்களிடம்தான் வசூலிக்கப்படலாம். லைசென்ஸ் இல்லாமல் விட்டால் இரண்டாண்டு வாடகை வரை திருப்பித் தரச் சொல்லித் தீர்ப்பாயம் உத்தரவிடலாம். “ஏஜென்ட் சொல்லவில்லை” என்ற பதில் பெரும்பாலும் எடுபடாது. ரைட் டு ரென்ட் சோதனையில் மட்டும் பொறுப்பை எழுத்துமூலம் ஏஜென்ட் தலையில் வைக்கலாம். அதையாவது ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள்.

12 சதவீதத்துக்கு வெளியே வருபவை: தொடக்கக் கட்டணம், பட்டியல் கட்டணம், டெபாசிட் பதிவுக் கட்டணம், நோட்டீஸ் அனுப்பும் கட்டணம், ரிப்பேர் பில்லின் மேல் 10 சதவீதம் அல்லது அதற்கு மேல். நீதிமன்றம் போவது எந்தத் தொகுப்பிலும் சேராது. கட்டணங்களை அலுவலகத்திலும் தளத்திலும் வெளிப்படையாகப் போட 2015 முதல் சட்டம் கட்டாயப்படுத்துகிறது. முதலில் அதைப் படித்துவிட்டுப் பேசப் போங்கள்.

ரிப்பேரில் பணம் எப்படிக் கரைகிறது என்பதற்கு ஜனவரி மாத பாய்லர் நல்ல உதாரணம். வெந்நீர் வரவில்லை என்று போன் வரும். பாதிக்குப் பாதி, பாய்லர் முகப்பிலுள்ள அழுத்த முள் 1 பாருக்குக் (bar) கீழே இறங்கியிருக்கும், அவ்வளவுதான். பாய்லர் அடியில் தொங்கும் பின்னல் குழாயின் இரு வால்வுகளையும் மெல்லத் திறந்து, முள் 1க்கும் 1.5க்கும் நடுவே வந்ததும் மூடிவிட்டு ரீசெட் அழுத்தினால் வேலை முடிந்தது. வீடியோ அழைப்பில் ஐந்து நிமிடம். ஏஜென்ட் வழியாகப் போனால் ஆள் வந்துபோன கூலி, வாட், ஏஜென்ட் பங்கு. அதே முள் வாராவாரம் இறங்கினால் எங்கோ ஒழுகுகிறது, அல்லது எக்ஸ்பான்ஷன் வெஸல் போய்விட்டது. அப்போது கேஸ் சேஃப் பதிவு உள்ளவர் கட்டாயம் வர வேண்டும். உங்கள் அனுமதி இல்லாமல் ஏஜென்ட் செலவழிக்கக்கூடிய உச்சத் தொகையை 150 பவுண்ட் என்று குறித்துவிடுவது நல்லது.

நல்ல ஏஜென்ட் காசுக்கு உழைக்கும் இடம் காலாண்டுப் பார்வை. வெளிச்சுவரை ஒட்டிய அலமாரிக்குப் பின்னால் பூஞ்சை, குளியல் தொட்டி ஓரத்து சிலிக்கான் கருத்துப் பிளந்திருப்பது, சிங்க் அடியில் ஊறிய பலகை, சொன்னதற்கு மேல் ஆட்கள் தங்குவது. ஐந்து பேர், இரண்டு குடும்பம் என்றாலே எச்எம்ஓ லைசென்ஸ், அதாவது பல குடும்பம் பகிர்ந்து வாழும் வீட்டுக்கான லைசென்ஸ், தேவைப்பட்டுவிடும். பழைய அறிக்கை ஒன்றின் மாதிரியைக் காட்டச் சொல்லுங்கள். “எல்லாம் நன்றாக இருக்கிறது” என்று ஒரு வரியும் ஹாலின் நான்கு படங்களும் இருந்தால் அந்த 14.4 சதவீதம் வீண். வாடகைப் பணத்துக்கான கிளையன்ட் மணி பாதுகாப்புச் சான்றும், குறைதீர் திட்ட உறுப்பினர் எண்ணும் கேளுங்கள், இரண்டும் ஏஜென்டுக்குச் சட்டக் கட்டாயம்.

கேரண்டீட் ரென்ட்

சந்தை வாடகையை விடக் குறைவாக, மூன்று முதல் ஐந்தாண்டு வரை, ஆள் இருந்தாலும் இல்லாவிட்டாலும் பணம் வரும் என்பார்கள். இங்கே கம்பெனிதான் உங்கள் வாடகையாளர். அது அறை அறையாக உள்வாடகைக்கு விடும். வாடகைக்கு விடும் வீட்டுக்கான பெரும்பாலான கடன் (பை டு லெட் மோர்ட்கேஜ்), காப்பீடு, ஃபிளாட்டின் லீஸ் ஆகியவை இதைத் தடுக்கின்றன. 2023இல் உச்ச நீதிமன்றம் ராக்குசன் வழக்கில், உள்வாடகைத் தவறுக்கு மேலுள்ள வீட்டுக்காரர் வாடகையைத் திருப்பித் தர வேண்டியதில்லை என்றது. புதிய சட்டம் அந்தக் கேடயத்தையும் எடுத்துவிட்டது. உத்தரவாதம் தரும் கம்பெனி மூடிவிட்டால் உத்தரவாதமும் மூடியது, உள்ளே முகம் தெரியாத நாலு பேர் இருப்பார்கள். மோர்ட்கேஜ் இல்லாத வீடு, கணக்கு நன்றாக உள்ள பழைய கம்பெனி, இரண்டும் சேர்ந்தால் தவிர இதைத் தொட வேண்டாம்.

யாருக்கு எது?

ஒரே வீடு, ஒரு மணி நேரத் தூரத்தில் நீங்கள், போனை எடுக்கும் பழக்கம் உண்டு என்றால் ஏஜென்ட் வேண்டாம். மிச்சமாகும் பணத்தில் கொஞ்சத்தை வாடகைக் காப்பீட்டுக்குப் போடுங்கள். வாடகை பாக்கிக்காக ஆளை வெளியேற்றும் கட்டாயக் காரணம் இப்போது மூன்று மாதப் பாக்கிக்குப் பிறகுதான் பொருந்தும், அதன்மேல் நான்கு வார நோட்டீஸ், பிறகு நீதிமன்றம். காப்பீட்டுக்காரர் தன் விதிப்படி ஆளை விசாரித்திருக்க வேண்டும் என்பார், அதனால் பாலிசியை ஆள் பிடிக்கும் முன்பே படிக்க வேண்டும்.

இரண்டு மூன்று வீடு, பகல் முழுக்க எடுக்க முடியாத போன் என்றால் முழு நிர்வாகம், 10 சதவீதத்துக்குப் பேரம் பேசி. சென்னைக்கோ கொழும்புக்கோ யாழ்ப்பாணத்துக்கோ குடிபோய்விட்டவருக்கு வேறு வழியே இல்லை என்று சொல்லலாம். நோட்டீஸ் அனுப்ப இங்கிலாந்து அல்லது வேல்ஸ் முகவரி ஒன்றைக் குடியிருப்பவருக்குத் தராதவரை சட்டப்படி வாடகையே கடனாக நிற்காது. ஏஜென்டின் முகவரி அந்த இடத்தை நிரப்பும். ஆறு மாதமோ அதற்கு மேலோ வெளிநாட்டில் வசிப்பவரின் வாடகையிலிருந்து, செலவு போக மிஞ்சியதில் 20 சதவீதத்தை ஏஜென்ட் பிடித்து வரித்துறையான எச்எம்ஆர்சிக்குக் கட்ட வேண்டும். ஏஜென்ட் இல்லாமல் வாரத்துக்கு 100 பவுண்டுக்கு மேல் வாடகை என்றால் அந்தப் பொறுப்பு குடியிருப்பவர் தலையில் விழும், அதைக் கேட்டவுடன் பாதிப் பேர் வேறு வீடு பார்ப்பார்கள். என்ஆர்எல் 1 படிவத்தைக் கிளம்புவதற்கு முன்பே போட்டுவிட்டால், அனுமதி வந்ததும் வாடகை பிடித்தமில்லாமல் வரும். வரிக் கணக்கை மட்டும் ஆண்டுதோறும் நீங்கள் தாக்கல் செய்ய வேண்டும்.