பாக்ஸ் நம்முடையது என்று நினைத்துக்கொண்டிருந்தோம்

இரண்டு டிவி, இரண்டு செட்டாப் பாக்ஸ், 3,400 ரூபாய், ரசீது கிடையாது. பழைய கதைதான். இப்போது எழுதக் காரணம், எங்களிடம் அந்தக் காசை வாங்கிய அதே கேபிள்காரர் போன வாரம் என் சித்தி வீட்டு வாசலில் நின்றிருக்கிறார், இந்தத் தடவை கையில் எச்.டி. பாக்ஸோடு.

ஊர் கோவில்பட்டிப் பக்கம். அப்பா காலத்தில் மொட்டை மாடியில் ஆண்டெனாக் கம்பி நட்டு, அதைத் திருப்பித் திருப்பி, தூர்தர்ஷனுக்குப் பதிலாக இலங்கை ரூபவாகினி விழுந்தால் அதையும் உட்கார்ந்து பார்த்த வீடு எங்களுடையது. அப்புறம் கேபிள் வந்தது. கேபிள்காரர் எங்களுக்கு அந்நிய ஆள் இல்லை. இருபது வருடமாக மாதம் பிறந்தால் முதலில் சைக்கிளில், பிறகு மொபெட்டில் வந்து, மஞ்சள் அட்டையில் ஒரு டிக் போட்டுவிட்டுப் போகிறவர். அம்மாவை அக்கா என்றுதான் கூப்பிடுவார். அப்பா இறந்தபோது மூன்று நாளும் வந்து நின்றவர். இதை ஏன் சொல்கிறேன் என்றால், முன்பின் தெரியாத ஆள் வந்திருந்தால் அம்மாவே நாலு கேள்வி கேட்டிருப்பார்.

2018 பொங்கல் முடிந்து ஒரு நாள் காலையில் எல்லா சேனலிலும் புள்ளி புள்ளியாக ஓடியது. அம்மா எனக்கு சென்னைக்குப் போன் போட்டுச் சொல்லி முடிப்பதற்குள் அவரே வந்துவிட்டார். "கவர்மெண்ட் ஆர்டர் அக்கா. இனிமே பாக்ஸ் இல்லாம படம் வராது. டிவிக்கு 1,700." நானும் போனிலேயே, "சரிம்மா, குடுத்துரு" என்று சொன்னேன். ஆபீஸில் ஏதோ மீட்டிங் நேரம். என் பங்குக் குற்றம் அது.

அவர் சொன்னது பொய் இல்லை, அதுதான் விஷயமே. கேபிள் டிவி சட்டத்தை 2011-ல் திருத்தி, பாக்ஸ் இல்லாமல் நேராக டிவிக்கு வந்த பழைய அனலாக் கேபிளை நிறுத்திவிட்டு பாக்ஸ் வழியாக வரும் டிஜிட்டலுக்கு மாறவேண்டும் என்றார்கள். நான்கு பெருநகரங்களுக்கு 2012, அடுத்த 38 நகரங்களுக்கு 2013 மார்ச் 31, மிச்ச நகராட்சிகளுக்கு 2015 டிசம்பர் 31, கடைசியாகப் பட்டிதொட்டி எல்லாவற்றுக்கும் 2017 மார்ச் 31 என்று கெடு வைத்தார்கள். தமிழ்நாட்டில் கோர்ட் வழக்கு, அரசு கேபிளுக்கு உரிமம் என்று இழுத்துக்கொண்டே போய் எங்கள் தெருவுக்கு வந்து சேர அவ்வளவு நாள் ஆனது. அனலாக் நிற்கப்போவது நிஜம், பாக்ஸ் வேண்டும் என்பதும் நிஜம். ஆனால் டிவிக்கு 1,700 ரூபாய் கொடு என்று எந்த ஆர்டரும் சொல்லவில்லை. அந்த வரியை அவராகச் சேர்த்துக்கொண்டார்.

சொல்லப்போனால் 2017 செப்டம்பரிலேயே அரசு கேபிளில் இலவச பாக்ஸ் கொடுக்கத் தொடங்கியிருந்தார்கள். 2011-லிருந்து 70 ரூபாய்க்குக் கேபிள் கொடுத்த அதே நிறுவனம். அம்மா அதைக் கேட்டும் இருக்கிறார். "அது சரிவராது அக்கா, பாதியில நின்னு நின்னு வரும், பெறகு என்னையத்தான் திட்டுவீங்க" என்று சொல்லிவிட்டாராம். வாங்கிப் பார்த்திருந்தால்தானே நின்று வந்ததா ஓடி வந்ததா என்று தெரியும்.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். அனலாக் காலத்தில் வீட்டுக்குள் ஒரு வயர் வந்தால் போதும், ஒரு ஸ்பிளிட்டரை மாட்டி ஹாலில் ஒன்று, உள்ளறையில் ஒன்று என்று எத்தனை டிவிக்கு வேண்டுமானாலும் இழுத்துக்கொள்வோம். எத்தனை வீட்டில் பார்க்கிறார்கள் என்று யாராலும் எண்ண முடியாது. ஆயிரம் வீட்டுக்கு லைன் கொடுத்துவிட்டு இருநூறு என்று கணக்குக் காட்டுகிறார்கள் என்பது சேனல்காரர்களின் பழைய புலம்பல். அதற்காகத்தான் வீட்டுக்கு வீடு, டிவிக்கு டிவி, நம்பர் போட்ட பாக்ஸ். மேலே கணக்கு சரியாகிவிட்டது. எங்கள் வீட்டு வாசலில் மட்டும் பழையபடி மஞ்சள் அட்டைதான்.

2019 பிப்ரவரியில், தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் புதுக் கட்டண முறை வந்தது. 100 சேனலுக்கு 130 ரூபாய், ஜிஎஸ்டி சேர்த்து 153 ரூபாய் 40 காசு, கட்டணச் சேனல் வேண்டுமென்றால் நாமே பொறுக்கி எடுத்து அதற்குத் தனியாகக் கட்டலாம் என்பது ஏற்பாடு. பொறுக்கி எடுக்கிற பட்டியல் எதையும் அம்மாவிடம் யாரும் காட்டவில்லை. "டிராய் ஏத்திட்டாங்க அக்கா, இனி டிவிக்கு 300" என்றார், அவ்வளவுதான். இரண்டு டிவிக்கும் 300, 300. 2020-ல் அதே 130-க்கு 200 சேனல் ஆனது, ஒரே வீட்டில் இரண்டாவது டிவி இருந்தால் அந்த அடிப்படைக் கட்டணத்தில் 40 சதவீதத்துக்கு மேல் வாங்கக்கூடாது என்றும் வந்தது, அதாவது 130-க்குப் பதில் 52. இதுவும் எங்கள் தெருவுக்குள் வரவில்லை.

எல்லாம் வெளியே வந்தது 2021-ல், அம்மா வீடு மாறியபோது. தம்பி வீட்டுப் பக்கத்தில் ஒரு மாடி வீடு, வேறு ஏரியா, வேறு ஆப்பரேட்டர். இரண்டு பாக்ஸையும் துணியில் சுற்றிப் பத்திரமாகக் கொண்டுபோனோம். புது ஆப்பரேட்டரின் பையன் ஒரு பார்வை பார்த்துவிட்டு, "இது வேற கம்பெனி பாக்ஸ் அண்ணாச்சி, நம்ம லைன்ல எடுக்காது" என்றான். ஒரு கம்பெனி பாக்ஸ் இன்னொரு கம்பெனி லைனில் வேலை செய்யாது என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். சிக்னலைப் பூட்டி அனுப்புகிறார்களாம், ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒரு சாவி. காசு கொடுத்து வாங்கிய பாக்ஸாகவே இருந்தாலும் ஏரியா மாறினால் அது பேப்பர் வெயிட்தான்.

சரி, பழையவரிடமே திருப்பிக் கொடுத்து ஏதாவது வாங்கலாம் என்று போனேன். "பாக்ஸ் கம்பெனியோடது தம்பி. நீங்க கட்டினது ஆக்டிவேஷன்" என்றார் சிரித்துக்கொண்டே. ஆக்டிவேஷனுக்கு 100 ரூபாய்க்கு மேல் வாங்கக்கூடாது, மாட்டித் தருவதற்கு அதிகபட்சம் 350 என்று 2017 டிராய் விதியிலேயே அப்போது இருந்தது. 450 போக மிச்சம் 1,250 எதற்கு? பதில் இல்லை. அதற்குப் பதிலாக, "ஒரு ரிமோட் கொறையுதே, 250 குடுத்துருங்க" என்றார். அப்போதுதான் எனக்குக் கோபமே வந்தது.

பாக்ஸைத் திரும்ப வீட்டுக்கே தூக்கிக்கொண்டு வந்து கம்பெனி கஸ்டமர் கேருக்குப் போன் போட்டேன். பாக்ஸின் அடியில் ஒட்டியிருந்த நம்பரைப் படித்தால், அப்படி ஒரு நம்பரே இல்லை என்றார்கள். பழைய வீட்டில் லைன் இன்னும் இருந்ததால் அங்கே போய் மாட்டி, ரிமோட்டில் மெனுவுக்குள் போய்ப் பார்த்தேன். திரையில் வேறு நம்பர். ஸ்டிக்கரின் ஓரம் லேசாகத் தூக்கிக்கொண்டிருந்தது, நகத்தால் சுரண்டினேன், உள்ளே இன்னொரு ஸ்டிக்கர், பழுப்பேறி, பாதி கிழிந்து. திரையில் வந்த நம்பரின் கடைசி நாலு இலக்கம் அதில் அப்படியே இருந்தது. அந்த நம்பரைச் சொன்னதும் கஸ்டமர் கேர் பெண் ஒரு பெயரைப் படித்தார். அம்மா பெயர் இல்லை, எங்கள் தெரு இல்லை, ஊரே சங்கரன்கோவில். ஆக, புதுசு என்று கொடுத்தது ஏற்கெனவே யாரோ பார்த்துத் திருப்பிக் கொடுத்த பாக்ஸ். எங்களுடைய இன்னொரு பாக்ஸ் அதே பெயரில் 'இரண்டாவது டிவி' என்று சலுகைக் கட்டணத்தில் பதிவாகியிருந்தது. எங்களிடம் வாங்கியது முழுக் கட்டணம். மூன்று வருடத்துக்கு மேல் அம்மா யாரோ ஒருவருடைய பெயரில் சீரியல் பார்த்திருக்கிறார்.

புகார் எண் கொடுத்தார்கள். மறுநாளே கேபிள்காரர் புது வீட்டுக்கு வந்துவிட்டார். என்னிடம் இல்லை, அம்மாவிடம். "ஏன் அக்கா, எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுருக்கலாம்லா, கம்பெனி வரைக்கும் போகணுமா?" அம்மாவுக்குத் தானே ஏதோ தப்பு செய்துவிட்டது போல ஆகிவிட்டது, உட்காரச் சொல்லி காப்பி போட்டுக் கொடுத்திருக்கிறார். 1,000 ரூபாயை டீப்பாய் மேல் வைத்துவிட்டு இரண்டு பாக்ஸையும் எடுத்துக்கொண்டு போய்விட்டார். பாக்ஸ் கைவிட்டுப் போனபிறகு எதை வைத்து நான் மேலே பேசுவது? இதைப் படிக்கிறவர்கள் யாராவது இதே நிலையில் இருந்தால், பணம் முழுதாகக் கைக்கு வரும்வரை பாக்ஸைக் கொடுக்காதீர்கள், குறைந்தது அந்த ஸ்டிக்கரையாவது போட்டோ எடுத்துவையுங்கள். நான் எடுக்கவில்லை.

இனி யாராவது பாக்ஸோடு வந்தால் முதலில் விண்ணப்பப் படிவம் கேளுங்கள். அதில் நம் பெயர், முகவரி, பாக்ஸ் நம்பர் மூன்றும் எழுதி, நகலை நம் கையில் தரவேண்டும். மொத்தமாக விலைக்கா, தவணைக்கா, வாடகைக்கா என்பதும் அதிலேயே தெரியவேண்டும். வாயால் சொல்வதெல்லாம் வேண்டாம், எங்களுக்கும் "இனி இது உங்க பாக்ஸ்தான் அக்கா" என்று வாயால்தான் சொன்னார். மாட்டிய உடனே மெனுவில் இருக்கிற நம்பரும் அடியில் இருக்கிற நம்பரும் ஒன்றுதானா என்று பாருங்கள், கஸ்டமர் கேருக்கு ஒரு போன் போட்டு யார் பெயரில், எந்த பேக்கில் இருக்கிறது என்று கேளுங்கள், ஐந்து நிமிட வேலை. தெரிந்த ஆள், கேட்டால் சங்கடப்படுவார் என்று விடாதீர்கள். அப்படி விட்டுத்தான் நாங்கள் இழந்தோம்.

சித்தி விஷயத்துக்கு வருகிறேன். இந்தத் தடவை ஆர்டர் எதையும் காணோம், ஆனாலும் வசனம் பழசுதான்: "சின்ன பாக்ஸ் எல்லாம் நிறுத்தப்போறாங்க அக்கா, எச்.டி.க்கு மாறலேன்னா படம் வராது, 1,500." நான் சொல்லிக்கொடுத்தபடி சித்தி ஃபாரம் கேட்டிருக்கிறார். "நாளைக்குக் கொண்டாறேன்" என்று வண்டியைத் திருப்பிக்கொண்டு போனவர் இன்னும் வரவில்லை, இன்றோடு ஆறு நாள். சித்தி வீட்டில் அந்தப் பழைய பாக்ஸில்தான் டிவி ஓடுகிறது. படம் நன்றாகத்தான் வருகிறது.