தேக்காவிலிருந்து வெளியே போகும் மெயில்: எந்த வழியாக விடுவது?

போன வருஷம் ஒரு திங்கட்கிழமை காலை பத்தரை மணி. சிங்கப்பூரின் லிட்டில் இந்தியாவான தேக்காவில், சிராங்கூன் சாலைப் பக்கம் ஒரு கேட்டரிங் கடை. அவர்களுடைய கணினி விவகாரங்களை ஓய்வு நேரத்தில் நான்தான் பார்த்துக்கொள்கிறேன். வளைகாப்புக்கு 80 பேருக்குச் சாப்பாடு கேட்டிருந்த ஒருவருக்கு விலைப்பட்டியல் மெயிலில் போனது. போனதாகத்தான் எல்லாரும் நினைத்தோம். சனிக்கிழமை காலை பத்தரைக்கு அதே மெயில் 'சேர்க்க முடியவில்லை' என்று திரும்பி வந்து நின்றது. அன்றைக்குத்தான் வளைகாப்பு. வேறு யாரோ வடை போட்டுக்கொண்டிருந்திருப்பார்கள்.

"தம்பி, மெயில் போச்சுன்னு நம்ம கம்ப்யூட்டர் சொல்லுது. வரவே இல்லைன்னு அவரு சொல்றாரு. அஞ்சு நாளா அது எங்கப்பா சுத்திக்கிட்டு இருந்துச்சு?" என்றார் கடைக்காரர்.

"எங்கயும் போகலண்ணே, நம்ம சர்வர்லயேதான் உக்காந்திருந்துச்சு."

தப்பு என்னுடையது. அதற்கு முந்தின வாரக் கடைசியில் சர்வரை வேறொரு வாடகை இயந்திரத்துக்கு மாற்றியிருந்தேன். ஐபி எண்ணைக் (இணையத்தில் ஓர் இயந்திரத்தின் முகவரி) கொடுத்தால் பெயரைச் சொல்லும் பிடிஆர் பதிவைப் புது ஐபிக்குப் போட மறந்துவிட்டேன். அந்த வாடிக்கையாளரின் அலுவலக சர்வர் கொஞ்சம் கறார் பேர்வழி. பெயர் தெரியாத ஐபிக்கு 450 என்று பதில் சொல்லியிருக்கிறது. மெயில் உலகத்தில் 4-இல் தொடங்கும் எண் என்றால் 'இப்போது முடியாது, அப்புறம் வா' என்று பொருள்; 5-இல் தொடங்கினால் 'இனி வராதே'. அப்புறம் வா என்றதும் எங்கள் சர்வரில் மெயிலை அனுப்பும் மென்பொருளான போஸ்ட்ஃபிக்ஸ் விசுவாசமாகத் திரும்பத் திரும்பப் போய்க் கதவைத் தட்டியிருக்கிறது. எத்தனை நாள் தட்ட வேண்டும் என்பதற்கு அதன் இயல்பான அமைப்பு 5 நாள். தாமதமாகிறது என்று அனுப்பியவருக்கு இடையில் ஒரு வார்த்தை சொல்லும் வசதி உண்டு, ஆனால் அதன் இயல்பான மதிப்பு பூஜ்யம். அதாவது, சொல்லவே சொல்லாது. அந்த வாரம் மற்றவர்களுக்குப் போன மெயில்களும் கோளாறாகத்தான் இருந்திருக்கின்றன. அவர்கள் வாட்ஸ்அப்பில் திரும்பக் கேட்டு வாங்கிக்கொண்டதால் யாருக்கும் உறைக்கவில்லை.

அதற்குப் பிறகுதான் உட்கார்ந்து, வெளியே போகும் மெயிலுக்கு என்னென்ன வழி இருக்கிறது என்று ஒவ்வொன்றாகப் பார்த்தேன். ஊழியர்களின் அஞ்சல்பெட்டிகள் கூகுள் வொர்க்ஸ்பேஸில் இருக்கின்றன. விலைப்பட்டியல், ரசீது, ஆர்டர் உறுதி ஆகியவை ஆர்டர் மென்பொருளிலிருந்து போஸ்ட்ஃபிக்ஸ் வழியாகப் போகின்றன. மாதம் சுமார் 3,000 மெயில். சின்னக் கடைகள் பலவற்றின் நிலைமை இதுதான் என்று நினைக்கிறேன்.

நாமே நேரடியாக அனுப்புவது

முதல் வழி, ஏற்கெனவே செய்துகொண்டிருந்தது. போஸ்ட்ஃபிக்ஸே, பெறுநரின் மெயிலை எந்த சர்வர் வாங்கும் என்று சொல்லும் எம்எக்ஸ் பதிவைத் தேடி, சர்வர்கள் மெயிலைக் கைமாற்றிக்கொள்ளும் போர்ட் 25-இல் நேராகப் போய்க் கொடுப்பது. எனக்கு மனசுக்குப் பிடித்தது இதுதான், அதை மறைப்பானேன். இடையில் தரகர் கிடையாது, தனிக் கட்டணம் கிடையாது. எல்லாவற்றையும்விட, நடந்ததையெல்லாம் சர்வர் குறித்து வைக்கும் லாக் கண்ணாடி மாதிரி இருக்கும். ஜிமெயில் என்ன பதில் சொன்னது, எத்தனை வினாடி ஆனது, எந்த மெயிலுக்கு என்ன எண் என்று ஒரு வரியில் தெரிந்துவிடும். அந்த 450-ஐ நான் கண்டுபிடித்ததே லாக்கில்தான். முன்பே எட்டிப் பார்க்காதது என் சோம்பல்.

சிக்கல், இது ஒரு தடவை அமைத்துவிட்டு மறந்துவிடும் வேலை இல்லை என்பது. 2024 பிப்ரவரியிலிருந்து ஜிமெயில் எல்லா அனுப்புநரிடமும் சிலவற்றைக் கேட்கிறது: எஸ்பிஎஃப் (நம் பெயரில் எந்த சர்வர்கள் அனுப்பலாம் என்ற பட்டியல்) அல்லது டிகிம் (மெயிலில் போடும் டிஜிட்டல் கையெழுத்து) இருக்க வேண்டும், ஐபிக்கும் பெயருக்கும் இரு பக்கமும் பொருத்தம் இருக்க வேண்டும், வழியில் மறையாக்கம் செய்யும் டிஎல்எஸ் இருக்க வேண்டும், ஸ்பாம் புகார் 0.3 விழுக்காட்டைத் தொடக் கூடாது. நாளுக்கு 5,000-க்கு மேல் அனுப்பினால் எஸ்பிஎஃப், டிகிம், அவை அனுப்புநர் பெயரோடு பொருந்துகின்றனவா என்று பார்க்கச் சொல்லும் டிமார்க் என மூன்றும் வேண்டும். நாங்கள் அந்த எண்ணிக்கைக்குப் பக்கத்தில்கூட இல்லை. இருந்தாலும், சின்ன அனுப்புநருக்கு வேறொரு தொல்லை உண்டு. மாதம் 3,000 மெயில் அனுப்பும் ஐபியைப் பற்றி நல்லதோ கெட்டதோ யாருக்கும் எதுவும் தெரியாது. ஊருக்குப் புதிதாக வந்தவரைப் பார்ப்பதுபோல் ஒவ்வொரு சர்வரும் ஏற இறங்கப் பார்க்கும்.

ஐபி எங்கிருந்து வருகிறது என்பதும் முக்கியம். வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டின் பிராட்பேண்டில் ஒரு பெட்டியை வைத்து அனுப்பிவிடலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். வீட்டு இணைப்புகளின் ஐபி வரிசைகளை 'இங்கிருந்து நேரடி மெயில் வரக் கூடாது' என்று ஸ்பாம் தடுப்பு அமைப்பான ஸ்பாம்ஹாஸின் பிபிஎல் பட்டியலில் போட்டு வைப்பது உலக வழக்கம். வாடகை இயந்திரமும் எல்லா இடத்திலும் உதவாது. அமேசானின் வாடகை இயந்திரச் சேவையான இசி2-வில் போர்ட் 25 இயல்பாகவே அடைபட்டிருக்கும், கேட்டு வாங்க வேண்டும். கூகுள் கிளவுடிலும் வெளியே போகும் 25-க்கு அடைப்புதான். இதெல்லாம் தெரியாமல் இரண்டு இரவு ஃபயர்வாலைத் திட்டிக்கொண்டிருந்த ஆளை எனக்குத் தெரியும். நான்தான்.

இணையச் சேவைக்காரரின் ரிலே

இரண்டாவது வழியைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. இணைய இணைப்போ ஹோஸ்டிங்கோ கொடுப்பவர்களிடம் உள்ள, நம் மெயிலை வாங்கி முன்னே அனுப்பும் ரிலே சர்வரிடம் ஒப்படைப்பது. முன்பெல்லாம் இதுதான் நடைமுறை. இப்போது எஸ்பிஎஃப்பில் அவர்களைச் சேர்க்கலாம், ஆனால் உங்கள் டொமைன் பெயரில் டிகிம் கையெழுத்து நீங்களே போட்டுத்தான் அனுப்ப வேண்டியிருக்கும். நாளுக்கு எவ்வளவு அனுப்பலாம் என்ற வரம்பும் எழுத்தில் கிடைப்பது அபூர்வம். ஒரு வழியும் இல்லாதபோது பார்க்கலாம்.

ஏற்கெனவே காசு கட்டும் கூகுள்

ஊழியர்களுக்கு வொர்க்ஸ்பேஸ் இருக்கும்போது, ஆர்டர் மெயிலையும் அதன் வழியே விட்டால் என்ன? கேள்வி நியாயமானது. இதில் இரண்டு கதவு உண்டு, பலர் இரண்டையும் குழப்பிக்கொள்கிறார்கள். ஒன்று, சாதாரண ஜிமெயில் எஸ்எம்டிபி (மெயில் அனுப்பும் நெறிமுறை). ஒரு பயனரின் பெயரில் உள்ளே போய் அனுப்புவது. வொர்க்ஸ்பேஸ் கணக்குக்கு நாளுக்கு 2,000 மெயில் வரை. இரட்டைச் சரிபார்ப்பை இயக்கி 16 எழுத்து ஆப் பாஸ்வேர்டு எடுக்க வேண்டும். இன்னொன்று, நிர்வாகப் பக்கத்தில் திறந்துவிடும் எஸ்எம்டிபி ரிலே. இதில் பயனருக்கு 24 மணி நேரத்தில் 10,000 பெறுநர் வரை போகும், ஐபியை வைத்தே அனுமதி கொடுக்கலாம்.

ரிலே கேட்க நன்றாக இருக்கிறது. நிலையான ஐபி இல்லாத கடைக்கு ஐபி அனுமதி ஒரு கண்ணிவெடி. மோடத்தை அணைத்துப் போட்ட அன்றைக்கு மெயில் நின்றுவிடும். போஸ்ட்ஃபிக்ஸ் தன்னை 'லோக்கல்ஹோஸ்ட்' என்று அறிமுகப்படுத்திக்கொண்டால் கூகுள் ரிலே கதவைச் சாத்துவதும் உண்டு. சொந்த டொமைன் பெயரைச் சொல்லும்படி அமைப்பில் எழுதிவிட வேண்டும். என்னைத் தயங்க வைத்தது வேறு விஷயம். ஆர்டர் மென்பொருள் ஒரு நாள் கிறுக்குப் பிடித்து ஒரே ரசீதை 4,000 தடவை அனுப்பினால், பூட்டப்படப் போவது கடைக்காரரின் சொந்தக் கணக்காக இருக்கலாம். அவருடைய மெயில் நின்றால் என் போன் நிற்காது.

அமேசான் எஸ்இஎஸ்

நான்காவது வழி, மெயில் அனுப்புவதையே தொழிலாக வைத்திருப்பவர்கள். மெயில்கன், சென்ட்கிரிட், போஸ்ட்மார்க் என்று பல பேர் இருக்கிறார்கள். நான் எடுத்துப் பார்த்தது 2011-இல் தொடங்கிய அமேசான் எஸ்இஎஸ். அதற்குச் சிங்கப்பூர் வட்டாரத்திலேயே சர்வர் இருக்கிறது. விலை 1,000 மெயிலுக்கு 10 அமெரிக்கக் காசு. எங்கள் 3,000-க்கு மாதம் 30 காசு. ஒரு கோப்பி ஓ விலைகூட வராது. தனி ஐபி வேண்டுமென்றால் மாதம் 24.95 டாலர் கேட்கிறார்கள். எங்கள் அளவுக்கு அது வீண். குறைவாக அனுப்புகிறவருக்குப் பலரோடு பகிர்ந்துகொள்ளும் ஐபிதான் நல்லது, ஏற்கெனவே ஊருக்குத் தெரிந்த முகம் அது. பக்கத்து வீட்டுக்காரர் குப்பை போட்டால் நமக்கும் கொஞ்சம் நாறும் என்பது அதோடு சேர்ந்து வருவது.

உள்ளே நுழைவதுதான் சள்ளை. புதுக் கணக்கை முதலில் மணல்தொட்டி எனும் சோதனை நிலையில் போட்டு வைப்பார்கள். 24 மணி நேரத்தில் 200 மெயில், அதுவும் நாம் முன்கூட்டியே சரிபார்த்த முகவரிகளுக்கு மட்டும். வெளியே வர, யாருக்கு அனுப்புகிறோம், முகவரி எப்படிக் கிடைத்தது, திரும்பி வரும் மெயிலை என்ன செய்வோம் என்று எழுதிக் கேட்க வேண்டும். நான் நாலு வரியில் எழுதியதற்கு இன்னும் விவரம் கேட்டார்கள். ரசீது மாதிரி ஒன்றை இணைத்து விளக்கிய பிறகு திறந்துவிட்டார்கள். திறந்த பிறகும் கண் வைத்திருப்பார்கள். திரும்பி வரும் மெயில் 5 விழுக்காட்டைத் தாண்டினால் கணக்கு ஆய்வுக்குப் போகும், 10-ஐத் தாண்டினால் நிறுத்தியே வைக்கலாம்.

போஸ்ட்ஃபிக்ஸ் பக்கம் வேலை அரை மணி நேரம்தான். அமைப்புக் கோப்பான மெயின்.சிஎஃப்பில், மெயிலை யாரிடம் ஒப்படைப்பது என்று சொல்லும் ரிலேஹோஸ்ட் வரியில் எஸ்இஎஸ் முகவரியைச் சதுர அடைப்புக்குறிக்குள் போட்டு, பக்கத்தில் போர்ட் 587. அந்த அடைப்புக்குறி அழகுக்கு இல்லை. அது இல்லாவிட்டால் போஸ்ட்ஃபிக்ஸ் அந்தப் பெயருக்கு எம்எக்ஸ் தேடிக் கிளம்பிவிடும். பாஸ்வேர்டு கோப்பிலும் அதே பெயர் அதே அடைப்புக்குறியோடு, எழுத்துக்கு எழுத்து அப்படியே இருக்க வேண்டும். கோப்பைத் திருத்தினால், அதைப் போஸ்ட்ஃபிக்ஸ் படிக்கும் வடிவத்துக்கு மாற்றும் போஸ்ட்மேப் கட்டளையை ஓட்டுங்கள். மறந்தால் பழைய பாஸ்வேர்டுதான் போய்க்கொண்டிருக்கும். எஸ்இஎஸ்ஸின் எஸ்எம்டிபி பாஸ்வேர்டு வட்டாரத்துக்கு வட்டாரம் வேறு என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். சிங்கப்பூரில் எடுத்தது வேறு வட்டாரத்தில் செல்லாது.

டிஎல்எஸ் அமைப்பில்தான் நேரடி வழிக்கும் ரிலே வழிக்கும் உள்ள வித்தியாசம் பளிச்சென்று தெரியும். நேரடியாக அனுப்பும்போது 'மே' என்று வைப்பார்கள்: எதிரில் இருப்பவருக்கு மறையாக்கம் தெரிந்தால் செய், தெரியாவிட்டாலும் கொடுத்துவிட்டு வா. ஊரில் எத்தனையோ பழைய சர்வர்கள் இருப்பதால் அப்படி விட்டுக்கொடுத்துத்தான் ஆக வேண்டும். ரிலேயில் பேசப்போவது ஒரே ஒருவரிடம், அதுவும் பாஸ்வேர்டைச் சொல்லி. அங்கே 'என்கிரிப்ட்' என்று கட்டாயமாக்கிவிடலாம், ஆக்க வேண்டும்.

டொமைனின் பதிவுகள் இருக்கும் டிஎன்எஸ்ஸில் ஒரு பொறி இருக்கிறது. டொமைனைச் சரிபார்த்து அவர்கள் கொடுக்கும் மூன்று சிநேம் (ஒரு பெயரை இன்னொரு பெயருக்குக் காட்டும்) பதிவுகளைப் போட்டால் டிகிம் கையெழுத்து நம் பெயரில் விழும். டிமார்க் பார்ப்பது அந்தப் பெயர்ப் பொருத்தத்தைத்தான். எஸ்பிஎஃப்புக்கு வரும்போது சிலர் கூகுளுக்கு ஒரு வரி, அமேசானுக்கு இன்னொரு வரி என்று இரண்டு பதிவு போடுகிறார்கள். ஒரு டொமைனுக்கு ஒரே எஸ்பிஎஃப் பதிவுதான் இருக்கலாம். இரண்டு இருந்தால் இரண்டுமே செல்லாது. ஒன்றுக்குள்ளேயே எல்லாரையும் சேர்க்க வேண்டும், அதிலும் டிஎன்எஸ் தேடல் 10-ஐத் தாண்டக் கூடாது.

குறை என்ன? லாக் குருடாகிவிடும். எங்கள் சர்வரில் '250, சரி' என்று வரும். அது அமேசான் வாங்கிக்கொண்டதற்கான ரசீது. அதற்கப்புறம் ஜிமெயில் என்ன சொன்னது என்று இங்கிருந்து தெரியாது. வடை போன கதையைப் பார்த்தவனுக்கு இது லேசான விஷயம் இல்லை. அதனால் திரும்பி வரும் அறிவிப்பு யார் கண்ணில் படும் என்பதை முடிவு செய்யாமல் இந்த வழிக்குப் போகாதீர்கள்.

தீபாவளி விளம்பரம்

கடைக்காரர் தீபாவளிப் பலகாரச் சலுகையை 1,200 பேருக்கு அனுப்ப வேண்டும் என்றார். எந்த வழியில் அனுப்பினாலும் இங்கே சட்டம் ஒன்றுதான். சிங்கப்பூரின் 2007-ஆம் ஆண்டு ஸ்பாம் கட்டுப்பாட்டுச் சட்டத்தின்படி, கேட்காமல் அனுப்பும் வணிக மெயில் 24 மணி நேரத்தில் 100-ஐத் தாண்டினாலே மொத்தமாக அனுப்பியதாகக் கணக்கு. தலைப்பின் முன்னால் ஏ, டி, வி என்ற மூன்று எழுத்து அடையாளம் போட வேண்டும், விலகும் வழி கொடுக்க வேண்டும், விலகுகிறேன் என்றவரை 10 வேலை நாளுக்குள் எடுத்துவிட வேண்டும். வழக்குப் போட்டால் மெயில் ஒன்றுக்கு 25 வெள்ளி வரை இழப்பீடு போகலாம். அவர் 1,200-ஐ 25-ஆல் பெருக்கிப் பார்த்துவிட்டு, "கேட்டவங்களுக்கு மட்டும் அனுப்புவோம் தம்பி" என்றார். அதையும் தனி உபடொமைனிலிருந்துதான் அனுப்பினேன். யாராவது சலுகை மெயிலை ஸ்பாம் என்று அமுக்கினால் அந்தக் கறை ரசீதில் ஒட்டக் கூடாது.

கடைசியில் எடுத்த முடிவு: ஆர்டர் மெயில் எஸ்இஎஸ் வழியே, ஸ்கேனர் அனுப்பும் இரண்டு மூன்று மெயில் கூகுள் ரிலே வழியே. போஸ்ட்ஃபிக்ஸ் அப்படியே இருக்கிறது, அமேசான் பக்கம் கோளாறானால் கியூவில் பிடித்து வைத்துக்கொள்ள. அதில் 5 நாளை 1 நாளாகக் குறைத்தேன், தாமத எச்சரிக்கையை 1 மணி நேரமாக்கினேன். திரும்பி வரும் மெயில்கள் இப்போது ஆர்டர் எடுக்கும் அக்காவின் அஞ்சல்பெட்டிக்கே போகின்றன. மாற்றிய மறுநாளே ஒன்று வந்தது. வாடிக்கையாளர் ஜிமெயில் முகவரியின் கடைசியில் 'காம்' என்பதற்குப் பதில் 'கான்' என்று எழுதியிருக்கிறார். அக்கா போனை எடுத்து, "ஐயா, உங்க மெயில் அட்ரஸை ஒருதடவை எழுத்துக் கூட்டிச் சொல்லுங்க" என்று கேட்டுவிட்டு, இன்னொரு கையால் திருத்திக்கொண்டிருந்தார்.